உடையாத கைப்பிடி

அத்தியாயம் 6

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அந்தக் கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் கதவில்லாத வேன். இன்னொரு பக்கம் சக்கரம் கழன்ற ஸ்கூட்டர்கள். விடிந்ததிலிருந்து வானம் மூடியே இருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

கண்டக்டரம்மா தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது காரா செருப்பா? இவ்வளவு தட்டையா இருக்கு!"

"நிக்கும்போது அப்படித்தான் இருக்கும். மிதிச்சா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தெருக்கோடிக்குப் போயிடும்" என்றார் சர்வேயர்.

"போய்? அங்கயும் சிக்னல்ல நின்னுதானே ஆகணும்?"

இந்த இடத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கலங்க வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீளமான கதை இல்லை.

சர்வேயர் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டவர். அந்த வேலை போய், துப்பறியும் வேலை வந்தும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. கண்டக்டரம்மா பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது என்று சொல்லி இவரோடு சேர்ந்துகொண்டார். முட்டி சரியானதா தெரியாது. வாய் மட்டும் ஓயவில்லை.

போன வாரம் மழை கொட்டிய ஒரு சாயங்காலம், சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இந்தக் கார் ஒரு வாட்ச்மேனை இடித்துத் தள்ளியது. உங்கள் மனசு அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் பிழைத்துக்கொண்டார். இடுப்பெலும்புதான் முறிந்தது. ஆனால் முதுகுப் பக்கமாக இடித்ததால் ஓட்டியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. குடையோடு ஓடி வந்தவர்கள் பார்த்தது, அடிபட்டவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நனைந்துகொண்டிருந்த ஒரு மனிதரை. "நான்தான் ஓட்டினேன்" என்று அவரே சொன்னார். போலீசிடமும் அதையே சொன்னார். தனியாக வந்தேன் என்றும் சொன்னார்.

அவரைத் தம்பி என்றே சொல்வோம். கார் அவருடைய அக்காவுடையது. அக்காவின் கணவர் ஆசை ஆசையாக வாங்கி, ஆசை தீருவதற்குள் நோயில் விழுந்து, இந்த வருஷத் தொடக்கத்தில் போய்விட்டார். தம்பிக்குத் தொழில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. நாளைக் காலையில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் போகும். வேன் போகும். ஜெயிலும் உண்டு.

சர்வேயரைத் தேடி வந்தது தம்பியின் மனைவி. மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். அழவில்லை. மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"அவர் பொய் சொல்றார் சார். வேன்ல ஒரு குழந்தைகூட இல்லாதப்பவும் ஸ்பீடு பிரேக்கர்ல நின்னு நிதானிச்சுப் போற மனுஷன். யாருக்காகப் பொய் சொல்றார்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

அவ்வளவுதான். இப்போது காருக்கு வருவோம்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜலதோஷத்தோடு வந்தார். கைக்குட்டையும் கையுமாக தார்ப்பாயை உருவச் சொன்னார். "சீக்கிரம் பாத்துக்குங்க சார். கேஸ் முடிஞ்ச மாதிரிதான். ஆளே ஒத்துக்கிட்டாச்சு."

கண்டக்டரம்மா வலது பக்கம் சுற்றிப் போகாமல், பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து உள்ளே இறங்கினார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. அந்த உயரத்துக்கு இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்ததும், வெயிலுக்கு மறைப்பாக மேலே இருக்கும் அட்டை கழன்று அவர் தலையில் விழுந்தது. அதை மேலே தள்ளினார். முன்னால் இருந்த சின்னப் பெட்டி திறந்து முட்டியில் இடித்தது. அதை மூட ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். அது எங்கேயோ பறந்தது. ஏ.சி. காற்று வரும் இடத்தில் பாதிப் பல் இல்லை. டம்ளர் வைக்கும் குழியின் மூடி குழிக்குள்ளேயே கிடந்தது.

"வெளிய கோட்டு சூட்டு, உள்ள கிழிஞ்ச பனியன்" என்றார் கண்டக்டரம்மா. "எங்க பஸ்ஸு எவ்வளவோ தேவலை சார். அதுல உடையறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"வேகத்துக்காகப் பண்ணின வண்டி. எடை குறையணும்னு எல்லா இடத்துலயும் மெல்லிசு பிளாஸ்டிக்கா போட்டுட்டாங்க."

"எடை குறையணும்னா என்னை ஏத்தாம இருந்தா போதுமே!"

சர்வேயர் சிரிக்கவில்லை. கண்டக்டரம்மாவின் பக்கத்துக் கதவின் உள்புறத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்கும் கைப்பிடி அங்கே இல்லை. அடியோடு முறிந்து, கால்மிதியின் ஓரத்தில் கிடந்தது. முறிந்த இடம் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"மத்த உடைசலெல்லாம் அழுக்கு ஏறிப் பழுப்பா இருக்கு. இது மட்டும் வெள்ளையா இருக்கு பாருங்க. புதுசு."

சப்-இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "இந்த வண்டியில உடையாதது எது சார்? எங்க கான்ஸ்டபிள் சாவி எடுக்க உள்ள கைய விட்டார். ஒரு மூடி கழண்டு அவர் கையோட வந்துடுச்சு. இன்னும் அவர் மேஜைமேலதான் இருக்கு."

"ஓட்டினவர் தனியா வந்தேங்கறார். அப்படின்னா பக்கத்து சீட்டுக் கைப்பிடிய இழுத்தது யாரு?"

"எப்பவோ யாரோ இழுத்திருப்பாங்க."

சர்வேயர் டிரைவர் பக்கம் வந்தார். சீட்டு இன்னும் ஈரமாக இருந்தது. ஊறிப்போன பஞ்சு வாடை அடித்தது. கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது.

"வண்டியை எடுக்கும்போதே இப்படித்தானா?"

"ஆமா. மழைத்தண்ணி முழுக்க உள்ளதான். லாரியில ஏத்தி இங்க இறக்கினோம். யாரும் உள்ள உக்காரல. காத்துக்காகக் கண்ணாடிய இறக்கி வெச்சிருந்தேன்னு சொன்னார்."

"அந்த மழையிலயா?" கண்டக்டரம்மா உள்ளேயிருந்து கேட்டார். "குளிக்கறதுக்காக இறக்கினேன்னு சொல்லியிருந்தாகூட நான் நம்பியிருப்பேன்."

சர்வேயரின் பார்வை டிரைவர் பக்கத்துக் கைப்பிடியில் நின்றது. எல்லாம் உடைந்த அந்த வண்டிக்குள் அது ஒன்றுதான் முழுசாக இருந்தது. கண்டக்டரம்மா, "அட, இது ஒண்ணாவது உருப்படியா இருக்கே" என்று எட்டி அதைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க!"

கண்டக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. சர்வேயர் குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை.

*

காரைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் ஷெட் பாலத்துக்கு அடியில் இருந்தது. கேட்டதும் அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கறுப்புத் துண்டுகள் சரிந்தன. பித்தான்கள், மூடிகள், கொக்கிகள், பாதி வளையங்கள்.

"எல்லாம் அந்த ஒரே வண்டியோடதுங்க. இன்ஜின் இருக்கே, அது பேரன் காலத்துக்கும் ஓடும். ஆனா உள்ள எதையும் தொடக்கூடாது, பாத்துக்கிட்டே ஓட்டணும். நான் அந்த சாரைக் கேப்பேன், ஏன் சார் இதைக் கட்டிக்கிட்டு அழறீங்கன்னு. சிரிப்பார்."

"டிரைவர் பக்கத்துக் கைப்பிடி மட்டும் நல்லா இருக்கே?"

"எங்க நல்லா இருக்கு? அது எப்பவோ போச்சு. உடம்பு முடியாம இருந்தப்ப, கட்டில்லயே உக்காந்து பசை போட்டு ஒட்டி, என்கிட்ட குடுத்து மாட்டச் சொன்னார். சும்மா பார்வைக்குத்தாங்க அது. எறும்பு இழுத்தாலும் கையோட வந்துடும்."

"அப்ப உள்ள இருந்து எப்படித்தான் இறங்கறது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கண்ணாடிய இறக்கி, கைய வெளிய விட்டு, வெளிப்பக்கத்துக் கைப்பிடிய இழுக்கணும். இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும் அப்படித்தான். பழகிட்டா மத்த வண்டியிலகூட அதையேதான் செய்வாங்க. கை தானா போகும்."

வெளியே வந்ததும் கண்டக்டரம்மா பாலத்துத் தூணில் சாய்ந்துகொண்டார்.

"சார், அவ்வளவு மழை. முன்னால ஒருத்தர் விழுந்து கிடக்கார். பதறி அடிச்சு இறங்கற ஆளு பொறுமையா கண்ணாடிய இறக்கிக் கைய வெளிய விட்டாரா?"

"யோசிச்சு யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. யோசிக்காம செய்யறவங்கதான் செஞ்சிருக்கணும்."

"தம்பி அந்த வண்டிய ஓட்டுவாரா?"

"தொட்டதே இல்லைன்னு அவர் மனைவி சொன்னாங்க."

கண்டக்டரம்மா காலடியில் கிடந்த ஒரு கல்லைச் செருப்பால் உருட்டினார். பிறகு, "நாம கண்டுபிடிச்சுத்தான் ஆகணுமா சார்?" என்று கேட்டார்.

*

அக்கா வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, பஞ்சும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கண்டக்டரம்மா, "எனக்கு சுகர் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பொய் இல்லை; பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆயிற்று.

அக்கா அவருடைய கையைத் திருப்பி, ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டினாள். நாற்பதைத் தாண்டிய பெண். தலைமுடி படிய வாரியிருந்தது. சுத்தமான கோட்டு. ஒரு குறையும் சொல்ல முடியாது. முகம் மட்டும் ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது.

"சுருக்குன்னு இருக்கும். அவ்வளவுதான்" என்றாள்.

எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை. கண்டக்டரம்மாவிடம் சொன்னாளா, சுவரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

"அடடா, ஒண்ணுமே தெரியலையேம்மா! உங்க கையில மந்திரம் இருக்கு. ராத்திரி எங்க வீட்டுக் கொசுவுக்குக் கொஞ்சம் டிரெயினிங் குடுங்களேன்."

அக்கா பஞ்சை வைத்து அழுத்தினாள். "மடக்கிப் பிடிச்சுக்குங்க."

சர்வேயர் தான் யார் என்று சொன்னார். எதற்காக வந்திருக்கிறார் என்றும் சொன்னார். அக்கா தலையசைத்தாள். குழாயில் பெயர் ஒட்டினாள்.

"அந்தக் கார் உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"பிடிக்கும். ஞாயித்துக்கிழமையானா என்னையும் ஓட்டச் சொல்வார். அவர் பக்கத்துல உக்காந்துக்குவார்."

"உங்களுக்குப் பிடிக்குமா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், தேடிப் பார்க்கிற மாதிரி. "முன்னாடி பிடிச்சிருக்கும்" என்றாள்.

அடுத்த கேள்வி சர்வேயரின் நாக்கு நுனியில் இருந்தது. கண்டக்டரம்மா அதைப் பார்த்தார். வாயைத் திறந்த சர்வேயர், அவள் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "வண்டி உங்க பேர்ல இருக்கு. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போக முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"வரேன்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

டாக்சியில் அவள் கண்டக்டரம்மாவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழி முழுக்கக் கண்டக்டரம்மாதான் பேசினார். பஸ்ஸில் ஒருவர் ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்ட கதையைச் சொன்னார். முன்சீட்டில் டாக்சிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா கதை முடிந்ததும், "அப்படியா" என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் டாக்சி நின்றது. அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே விட்டாள். வெளிக் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "ஏம்மா, உள்ள கைப்பிடி நல்லாத்தானே இருக்கு?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஆமா. இருக்கு" என்றாள், அப்போதுதான் பார்த்த மாதிரி.

கண்டக்டரம்மா சர்வேயரின் முகத்தைப் பார்க்கவில்லை. சில்லறை தேடுகிறவர் மாதிரி பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

*

காலி மனையில் எல்லோரும் இருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர், தம்பி, தம்பியின் மனைவி. தம்பி சவரம் செய்யாமல், சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். நாளைக்கு கோர்ட்டுக்கு அணிவதை இன்றைக்கே அணிந்துவிட்ட மாதிரி. அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"அக்காவை எதுக்கு சார் இங்க கூட்டிட்டு வந்தீங்க? அவங்க வீட்டுக்குப் போகட்டும். அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"வண்டி அவங்களுது, அதனாலதான். நீங்க ஒரே ஒரு உதவி செய்யுங்க. அன்னைக்கு எப்படி உக்காந்தீங்க, எப்படி இறங்கினீங்கன்னு காட்டிட்டா எங்க வேலை முடிஞ்சுது."

தம்பி டிரைவர் சீட்டில் போய் இறங்கினார். உயரமான ஆள், முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. அந்தச் சீட்டு இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தால் அவருக்குச் சரியாக இருக்கும். அது சின்ன உருவம் ஒன்றுக்கு அளவெடுத்த மாதிரி முன்னால் நின்றிருந்தது. கண்டக்டரம்மா இருமினார். சப்-இன்ஸ்பெக்டர் முதல் முறையாகக் கைக்குட்டையைப் பையில் வைத்தார்.

சர்வேயர் சாவியைத் திருப்பிக் கண்ணாடியை மேலே ஏற்றினார். கதவைச் சாத்தினார்.

"இடிச்சாச்சு. வண்டி நின்னாச்சு. வெளிய ஆள் விழுந்து கிடக்கார். இறங்குங்க தம்பி!"

தம்பி இழுத்தார்.

'டக்' என்று ஒரு சின்ன சத்தம். பல்பம் முறிகிற சத்தம். கதவு அசையவில்லை. கைப்பிடி அவர் கையில் இருந்தது.

தம்பி அதைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இன்னொரு முறை, கைப்பிடி இருந்த வெற்றிடத்தை விரலால் நோண்டினார்.

சர்வேயர் கண்ணாடிக்குக் குனிந்தார். "அன்னைக்கும் இதைத்தான் இழுத்தீங்களா?"

உள்ளேயிருந்து ஆமாம் என்று தலை ஆடியது.

"அப்படின்னா அன்னைக்கே உடைஞ்சிருக்கணுமே. ஒரு கைப்பிடி ரெண்டு தடவை உடையாது தம்பி. நீங்க அன்னைக்கு இழுத்தது பக்கத்து சீட்டுக் கைப்பிடிய. அது உடையறதுக்கு முன்னாடி உங்களை வெளிய விட்டுடுச்சு."

தம்பியின் மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். "பக்கத்து சீட்டா?"

தம்பி உள்ளேயிருந்து என்னவோ சொன்னார். கண்ணாடியில் மூச்சுப் படிந்ததுதான் தெரிந்தது. கதவைத் தோளால் முட்டினார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். நம் சப்-இன்ஸ்பெக்டர் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட நகர்ந்தார். அதற்குள் அக்கா கதவருகே போய்விட்டாள்.

அவள் வேகமாகப் போகவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போகிறவள் மாதிரி போனாள்.

"கண்ணாடிய இறக்குடா" என்றாள். "அந்தக் கீழ்ப் பித்தான். அதான். இப்ப கைய வெளிய விடு. வெளிப் பிடிய இழு. எத்தனை தடவ சொல்றது உனக்கு? உள்ள இருக்கறதைத் தொட்டா மாமா திட்டுவாரு."

தம்பி சொன்னபடியே செய்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தார். கதவு திறந்தது.

 

சர்வேயர் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு நீங்க அப்படித்தான் இறங்கினீங்களாம்மா?"

"ஆமா."

"அக்கா, நீ சும்மா இரு! சார், அவங்களுக்கு உடம்பு சரியில்ல, என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்றாங்க..."

"ஓட்டினது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

சப்-இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?"

அக்கா அவரைப் பார்த்தாள். "யாரும் கேக்கலையே."

உண்மைதான், கண்ணுங்களா. சப்-இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுக்குப் போயிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கணவர் இறந்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு, வண்டி ஸ்டேஷனில் இருக்கிறது என்று தெரிவித்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். தம்பியின் மனைவி, அக்காவின் காதில் எதுவும் விழக்கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேசினாள். பெரிய துப்பறிவாளர் சர்வேயர், கேள்வியை நாக்கு நுனிவரைக்கும் கொண்டுவந்து விழுங்கினார். அத்தனை பேரும் அவளைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

தம்பி கார் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"நான்தான் ஓட்டச் சொன்னேன். மாமா போனதிலிருந்து அக்கா அழல. சிரிக்கல. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூட சொல்றதில்ல. ஒரு தடவ ஓட்டிப் பாரு அக்கா, மாமாகூடப் போவியே அந்த மாதிரி, மனசுக்கு என்னமாவது தோணும்னு சொல்லிக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். வேணாம்னுகூடச் சொல்லல, சார். வந்தா. நான் பண்ணினதுதானே இது? நான்தானே ஓட்டின மாதிரி?"

"ஒண்ணும் தோணல" என்றாள் அக்கா. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல் சொன்னாள். "ஓட்டினேன். திருப்பத்துல அந்த ஆளு நின்னுட்டிருந்தார். பிரேக்கை மிதிச்சேன். லேட்டா மிதிச்சேன். அவர் விழுந்தார். அப்பவும் ஒண்ணும் தோணல. இறங்கினேன். நீ வீட்டுக்குப் போன்னு இவன் சொன்னான். போனேன். ஈரத் துணிய மாத்தினேன். படுத்தேன்."

தம்பியின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் கணவர் வேன் ஓட்டலாம், குழந்தைகளை ஏற்றி இறக்கலாம். அதற்காகத்தான் ஊரெல்லாம் அலைந்து சர்வேயரைப் பிடித்தாள். இப்போது கையில் வந்து விழுந்ததை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா குனிந்தாள். தம்பியின் காலடியில் விழுந்திருந்த கைப்பிடித் துண்டை எடுத்தாள். உடைந்த முனையைக் கதவில் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, பொருத்திப் பார்த்தாள். பசையின் பழுப்புக் கோடு ஒன்று அதில் ஓடியது. கொஞ்சம் கோணலாக, நடுங்கிய கை போட்ட பசை. அவள் அழுத்தினாள். துண்டு வழுக்கியது.

அவள் கையை எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்புக் கோடு. அது மெல்லத் தடித்து, சொட்டாகத் திரண்டது.

தினமும் எத்தனை பேருடைய ரத்தத்தைப் பார்க்கிறவள். தன்னுடையதைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"சுருக்குங்குது" என்றாள்.

தம்பி தலையைத் தூக்கினார்.

"சுருக்குன்னு இருக்குடா" என்று மறுபடியும் சொன்னாள், ஒரு சேதி சொல்கிற மாதிரி. உதடு லேசாகக் கோணியது. பிறகு சப்-இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆளுக்கு எங்க அடி?"

"இடுப்புல, அம்மா. எலும்பு முறிவு. தேறிடுவார்."

"இடுப்பா?" அவள் விரலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குமே. படுக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது... ரொம்ப வலிக்குமே..."

அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷம் முழுக்க உள்ளே கிடந்த ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அதைக் கேட்டு ஸ்டேஷனுக்குள்ளிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி எழுந்து போகப் பார்த்தார். சர்வேயர் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

போனது தம்பியின் மனைவி. பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்தாள். மண்ணில் மண்டியிட்டு அந்த விரலைப் பிடித்துத் துடைத்தாள்.

"மடக்கிப் பிடிச்சுக்குங்க அண்ணி" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் முதலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும். அக்கா கோர்ட்டுக்குப் போக வேண்டும், பொய் சொன்னதற்குத் தம்பியும் பதில் சொல்ல வேண்டும். அதெல்லாம் நாளைக்கு. அன்றைக்கு மத்தியானம் அவள் முதலில் போக வேண்டும் என்றது ஆஸ்பத்திரிக்கு, அந்த வாட்ச்மேனைப் பார்க்க. சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்து, தானே ஜீப்பை எடுத்தார்.

அவர்கள் போன பிறகு கண்டக்டரம்மா காரின் கதவை மெதுவாகச் சாத்தினார். தார்ப்பாயை இழுத்து மூட சர்வேயருக்கு ஒரு கை கொடுத்தார். ஏதாவது சொல்வார் என்று சர்வேயர் காத்திருந்தார்.

கண்டக்டரம்மா மண்ணில் கிடந்த கைப்பிடித் துண்டை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, இறங்கியிருந்த கண்ணாடி வழியாக உள்ளே, டிரைவர் சீட்டின்மேல் வைத்துவிட்டு வந்தார்.